விடியக்காலை மூணரைக்கு உதிக்கும் சூரியன்

ஆம்பூர்னு சொன்னதும் வெளியூர்க்காரங்க கேக்கற முதல் கேள்வி பிரியாணி. ரெண்டாவது ஷூ. மூணாவது, "அந்த வெயில்ல எப்படிங்க இருக்கீங்க?" எனக்கு மட்டும் மூணு வருஷமா நாலாவதா ஒரு கேள்வி வருது. "அந்த வெயில்ல பவளத்தை எப்படிய்யா உயிரோட வெச்சிருக்கே?"

அதுக்கான பதில்தான் மக்களே இது. கொஞ்சம் நீளம். நடுவுல கணக்கு வரும். பயப்பட வேணாம், எல்லாம் எட்டாங்கிளாஸ் கணக்குதான் :-)

முதல்ல நிலவரம். நான் பொட்டி தட்டுறவன். கம்பெனி பெங்களூருல, ஆணி புடுங்கறது ஆம்பூர் வீட்டு மாடி ரூம்ல. அமெரிக்காக்காரன் முழிச்சிருக்கற நேரம்தான் எனக்கு ஆபீஸ் நேரம் என்பதால் மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சா முடிய ராத்திரி பன்னெண்டு ஆகும். அப்பா தோல் ஷாப்புல முப்பத்திநாலு வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர். எங்க வீடு பழைய வீடு, தடி சுவரு, ஹால்ல ஜன்னல் கம்மி. அந்த ஹால்லதான் தொட்டி இருக்கு. ரெண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல்லு, மணல் போக சுமார் 120 லிட்டர் கடல். எந்தப் பக்கம் போனாலும் நிஜக் கடல் கிட்டத்தட்ட நூத்தம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கற ஊருல இது ஓவர்தான், ஒத்துக்கறேன்.

உள்ள என்ன இருக்கு? ரெண்டு கோமாளி மீன். ரெண்டுமே குஞ்சு பொரிப்பகத்துல பிறந்தது, கடலைப் பாத்ததே இல்ல. (இந்த மீனை அடைப்புல வெச்சே இனப்பெருக்கம் பண்ற முறையை நம்ம மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமே உருவாக்கியிருக்கு.) அப்புறம் கொஞ்சம் காளான் பவளம். நடு நாயகமா ஒரு லெதர் பவளம். ஆமாங்க, பேரே லெதர் கோரல்தான். தொட்டா பதனிட்ட தோல் மாதிரி இருக்கும், மேல குடை மாதிரி விரிஞ்சு நூத்துக்கணக்கான சின்னச் சின்ன கைகளை நீட்டும். சென்னை நண்பர் ஒருத்தர் தன் தொட்டியில வளர்ந்ததை பிளேடால வெட்டி ஒரு துண்டு குடுத்தாரு. இந்த வகையை அப்படித்தான் பெருக்குவாங்க. தோல் ஊருக்குத் தோல் பவளம்னு சொன்னதும் அப்பாவே சிரிச்சுட்டாரு.

கல்லு மாதிரி எலும்புக்கூடு கட்டற கடினப் பவளம் எதுவும் எங்கிட்ட கிடையாது. 2001-லேயே அதையெல்லாம் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேர்த்துட்டாங்க. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் கூடவே. புலி இருக்கற அதே அட்டவணை. வீட்டுல புலி வளக்கறவங்க மட்டும் அதையும் வளக்கலாம்.

இப்போ விஷயத்துக்கு வருவோம்.

பவளம் செடி இல்ல, கல்லும் இல்ல. அது ஒரு பிராணி. ஆனா அது உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. பாசி வெளிச்சத்தை வெச்சு சமைக்கும், சமைச்சதுல பெரும் பங்கை வீட்டுக்காரனான பவளத்துக்குக் குடுக்கும். பவளத்தோட கலருக்கும் பெரும்பாலும் இந்தக் குடித்தனக்காரன்தான் காரணம். தண்ணி சூடு எல்லை தாண்டினா பாசியோட சமையல்கட்டு கெட்டுப்போகும். உள்ள வர்ற வெளிச்சத்தை அதால முழுசா செலவு பண்ண முடியாது. மிச்சப்பட்ட சக்தி, ஆக்சிஜனை நஞ்சு மாதிரி ஒரு வடிவத்துக்கு மாத்தும். அப்போ பவளம் குடித்தனக்காரனை வெளிய தள்ளிடும். உடம்பு வெள்ளையாகும். இதைத்தான் பவள வெளுப்புன்னு சொல்றாங்க. வெளுத்த உடனே சாகாது. பட்டினியா கிடக்கும். சூடு சீக்கிரம் இறங்கினா பொழைக்கும், இல்லாட்டி இல்ல.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, சூடும் வெளிச்சமும் ரெண்டு தனித்தனி பிரச்சினை இல்ல. சூடான தண்ணியில வெளிச்சம் விஷம் மாதிரி. அதே வெளிச்சம் குளிர்ந்த தண்ணியில சாப்பாடு. லைட்டுக்கு ஒரு ஆள், கூலிங்குக்கு ஒரு ஆள்னு தனித்தனியா யோசிச்சா நம்ம ஊருல தேறாது. ரெண்டையும் ஒரே பேப்பர்ல எழுதணும்.

எழுதினேன். தொட்டிக்கு வரவு செலவு கணக்கு, ரூபாய்ல இல்ல, சூட்டுல.

120 லிட்டர் தண்ணியை 1 டிகிரி ஏத்த சுமார் 0.14 யூனிட் கரண்ட் போதும். நம்ம கரண்ட் பில்லுல வர்ற அதே யூனிட். என் எல்.ஈ.டி விளக்கு 60 வாட். எட்டு மணி நேரம் எரிஞ்சா 0.48 யூனிட். அவ்வளவும் தண்ணிக்குள்ள போய் வெளியேறாம இருந்தா 3.4 டிகிரி ஏறும். (நிஜத்துல பாதி சூடு மேல ஹீட் சிங்க் வழியா போயிடும். ஆனா தண்ணிக்குள்ள இறங்கற வெளிச்சம் கடைசியில சூடாத்தான் மாறும், அதுல தப்பிக்க வழியில்ல.) முன்னாடி காலத்துல எல்லாரும் 150 வாட், 250 வாட் மெட்டல் ஹாலைடு போடுவாங்க. நம்ம ஊருல அது கடல் இல்ல, ரசம்.

அடுத்த வரி பம்ப். நான் முதல்ல போட்ட லிஸ்ட்ல தண்ணி ஏத்தற பம்ப் 25 வாட், அலை உண்டாக்கறது 8, நுரை பிரிக்கற ஸ்கிம்மர் 10. மொத்தம் 43 வாட். பாக்க சின்னதா இருக்குல்ல? ஆனா அது 24 மணி நேரம் ஓடும். ஒரு நாளைக்கு 1.03 யூனிட். விளக்கைப் போல ரெண்டு மடங்கு! அதுவும் தண்ணிக்குள்ளயே முங்கி இருக்கறதால சூடு நேரா தண்ணிக்கு. எல்லாரும் விளக்கைத்தான் திட்டுவாங்க, இந்த அமுக்கினி ஆசாமியை யாரும் கவனிக்கறதில்ல. அதனால கடைக்குப் போகும்போதே எல்லாம் டி.சி மோட்டார் பம்பா வாங்கினேன். மொத்தம் 26 வாட், நாளைக்கு 0.62 யூனிட். விளக்கையும் சேத்தா 1.1 யூனிட். இந்த 1.1 யூனிட் சூட்டை தினமும் வெளியே அனுப்பணும். மே மாசம் ஹால்லேருந்து உள்ள வர்ற சூடு தனி.

எப்படி அனுப்பறது?

ஒண்ணு, சில்லர். பிரிட்ஜ் மாதிரி கம்ப்ரசர் வெச்ச பெட்டி. செட் பண்ணா சொன்ன டிகிரியில நிக்கும், பெரிய தொட்டிக்கு வேற வழியும் இல்ல. ஆனா சில்லர் சூட்டை அழிக்கறதில்ல. தொட்டியிலேருந்து எடுத்து ரூமுக்குள்ள கக்கும், கூடவே தன் கம்ப்ரசர் சூட்டையும் சேத்து. எங்க ஹால்ல மத்தியானம் அப்பா படுக்கறாரு. நாப்பது டிகிரி தாண்டற கத்திரி வெயில்ல, மீனுக்காக அப்பாவை வேக வைக்கறதா? அம்மா ஒரே வார்த்தையில முடிச்சாங்க. "மொதல்ல மனுசனுக்கு ஏசி போடு, அப்புறம் மீனுக்குப் போடலாம்."

ரெண்டாவது, காத்தாடி. கம்ப்யூட்டர் பொட்டிக்குள்ள இருக்குமே, அந்த 12 வோல்ட் காத்தாடி ரெண்டை தண்ணி மேல சாய்ச்சு வெச்சா போதும். மண்பானை தண்ணி ஏன் ஜில்லுன்னு இருக்கு? அதே தத்துவம். ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகும்போது சுமார் 0.67 யூனிட் சூட்டை எடுத்துக்கிட்டுப் போகும். ரெண்டு காத்தாடியும் சேந்து 5 வாட் தின்னுட்டு இந்த வேலையைப் பாக்குது. மே மாசத்துல என் தொட்டியில நாளைக்கு 3 லிட்டர் ஆவியாகுது. அதாவது 2 யூனிட் சூடு வெளியே. கண்ணாடி மூடி போட்டா இது நடக்காது. மீன் குதிக்காம இருக்க வலைதான் போட்டிருக்கேன்.

ஆனா காத்தாடிக்கு ஒரு எல்லை இருக்கு. அது காத்துல இருக்கற ஈரம். தெர்மாமீட்டர் நுனியில ஈரத்துணி சுத்தி காத்துல காட்டினா என்ன காட்டுமோ, அதுக்குக் கீழ எந்தக் காத்தாடியாலும் தண்ணியை இறக்க முடியாது. ஹால் 36 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம்னு வெச்சுக்கோங்க, அந்த எல்லை 24 டிகிரி. ஹால் 32 டிகிரிதான், ஆனா ஈரப்பதம் 75 சதவீதம், எல்லை 28 டிகிரிக்குப் போயிடும்! புரியுதா? கொளுத்தற மே மாசத்தை விட, மழை வரப்போற மாதிரி புழுங்குதே ஆகஸ்ட், செப்டம்பர் சாயங்காலம், அதுதான் பவளத்துக்கு ஆபத்து. வெளிய போனா "பரவால்ல, இன்னிக்கு வெயில் கம்மி"ம்போம். தொட்டி கேக்காது. நம்ம ஊரு வறண்ட சூடுங்கறது காத்தாடிக்கு வரம். கடலோரத்துல, சென்னையில இருக்கறவங்க சில்லர் இல்லாம ஏன் தவிக்கறாங்கன்னு இதுலேருந்தே தெரிஞ்சுக்கலாம்.

காத்தாடிக்கு இன்னொரு செலவும் உண்டு. தண்ணிதான் ஆவியாகும், உப்பு போகாது. லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கற 120 லிட்டர்ல 3 லிட்டர் குறைஞ்சா, சாயங்காலத்துக்குள்ள உப்பு கிட்டத்தட்ட 36 ஆயிடும். தினமும் அவ்வளவு ஆட்டம் காட்டினா பவளம் சுருங்கிடும். அதனால குறைஞ்ச அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ தண்ணி, கொஞ்சம் கொஞ்சமா, மிதவை வால்வு வழியா. மாசத்துக்கு 90 லிட்டர். எங்க வீட்டு மெஷின்ல ஒரு லிட்டர் நல்ல தண்ணி வந்தா ரெண்டு லிட்டர் கழிவா போகுது. அதைப் பாத்திரம் கழுவவும் வாசல் தெளிக்கவும் அம்மா எடுத்துக்கறாங்க. (ஏசியிலேருந்து சொட்டற தண்ணியும் சுத்தம்தானே, அதை ஊத்தலாமான்னு கேக்காதீங்க. செம்புக் குழாய் மேல வழிஞ்சு வர்ற தண்ணி அது. செம்பு பவளத்துக்கு எமன்.)

சரி, காத்தாடி போட்டும் மார்ச் மாசக் கணக்கு எப்படி இருந்துச்சுன்னா, எல்லாரும் வைக்கிற மாதிரி விளக்கு காலை 11 மணியிலேருந்து ராத்திரி 7 வரை. காலையில 26.2, சாயங்காலம் ஆறு மணிக்கு 29.3. மார்ச்சுலேயே இப்படின்னா மே?

இந்தக் கிராப்பை லேப்டாப்புல போட்டு ஹால்ல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தப்போ அப்பா பின்னாடி வந்து நின்னாரு. ஒரு கோடு ரூம் சூடு, ஒரு கோடு தொட்டி சூடு, கீழ மஞ்சள் பட்டையா விளக்கு நேரம். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "ஏண்டா, ரூம்பு சூடாவற நேரத்துலயே நீயும் அடுப்பைப் பத்த வெக்கிறியே, இன்னா கணக்கு இது?"ன்னாரு.

"பகல்லதானப்பா வெளிச்சம் வேணும் அதுக்கு?"

"அதுக்கு எது பகல்னு தெரியும்? நீ சுவிட்சு போட்டா பகலு." அப்புறம் சொன்னாரு. "கோடையில நாங்க தோலை ஊறல் போடறது ராத்திரிலதான். பகல்ல போட்டா தண்ணி சூடாயி, அழுகல் ஏறி, முடி கழண்டுக்கும். தோல் போச்சு. ஷாப்புக்கு கூரை மேல ஏசியா போட முடியும்? சூட்டை நிறுத்த முடியலன்னா நேரத்தை மாத்து."

நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சது நான். :-)

அன்னிக்கே புது அட்டவணை போட்டேன். ஆம்பூர்ல ஒரு நாள்ல ரொம்பக் குளிர்ச்சியான நேரம் விடியக்காலை மூணுலேருந்து ஏழு. அதனால என் தொட்டியில கோடைக்காலத்துல சூரியன் உதிக்கறது விடியக்காலை மூணரைக்கு. முதல்ல நீலம் மட்டும், ஒன்றரை மணி நேரத்துல மெல்ல ஏறி, அஞ்சு மணிக்கு உச்சி. ஒன்பதரை வரைக்கும் உச்சி. அப்புறம் இறங்கி பதினொன்றரைக்கு இருட்டு. வெளிய வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பிக்கும்போது தொட்டிக்கு அஸ்தமனம். (நீலம் ஏன்? கடல்ல ஆழம் போகப் போக முதல்ல சிவப்பு காணாமப் போகும், நீலம்தான் கடைசி வரை இறங்கும். பவளத்துப் பாசி அதுக்குப் பழகினது.)

இதை ஒரே நாள்ல மாத்தக்கூடாது. மீனுக்கும் பவளத்துக்கும் உள்ள ஒரு கடிகாரம் இருக்கு. அமெரிக்கா போய் இறங்கினா நமக்கு எப்படி இருக்கும், அது மாதிரிதான். தினம் 15 நிமிஷம்னு முன்னாடி தள்ளினேன். 11 மணியை 3:30 ஆக்க ஏழரை மணி நேரம், அதாவது 30 நாள். மார்ச் நடுவுல ஆரம்பிச்சா ஏப்ரல் நடுவுல முடியும், கத்திரி பொறக்கறதுக்குள்ள. மழைக்காலம் வந்ததும் அதே மாதிரி திரும்ப பின்னாடி.

வெளிச்சத்தோட அளவையும் கோடையில 20 சதவீதம் குறைச்சேன். லெதர் பவளத்துக்கு உச்சி வெளிச்சம் அவ்வளவு வேணாம். குறைஞ்சதை ஈடுகட்ட உச்சி நேரத்தை ஒரு மணி நேரம் நீட்டினா போதும். ஒரு நாளைக்கு மொத்தமா எவ்வளவு வெளிச்சம் கிடைக்குதுங்கறதுதான் சாப்பாட்டுக் கணக்கு. ஒரே வேளையில திணிக்காம நிதானமா பரிமாறணும், அவ்வளவுதான்.

மே மாசக் கணக்கு: காலையில 26.6, சாயங்காலம் அஞ்சு மணிக்கு 28.1. விளக்கோட சூடு ராத்திரிப் பள்ளத்தை நிரப்புது, பகல் மேட்டுல ஏறி உக்காரல. மூணு டிகிரி ஆட்டம் ஒன்றரை டிகிரியா சுருங்கிடுச்சு. பைசா செலவு கிடையாது, டைமர்ல நாலு எண்ணை மாத்தினதுதான்.

ஒரு சிக்கல் வந்துச்சு. வெளிச்சம் இருக்கும்போது பாசி ஆக்சிஜன் விடும், இருட்டுல எல்லாரும் இழுப்பாங்க. வழக்கமா இருட்டு நேரம் குளிர்ச்சியான நேரம். இப்போ என் தொட்டிக்கு இருட்டு நேரம் கொதிக்கிற மத்தியானம். தண்ணி சூடாக சூடாக அதுல கரையற ஆக்சிஜன் குறையும். கடல் தண்ணியில 25 டிகிரியில லிட்டருக்கு சுமார் 6.7 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில 6.2 தான். அதுக்கு மாற்றா, கீழ் தொட்டியில கொஞ்சம் கடல்பாசி வளத்து, அதுக்கு 10 வாட் விளக்கை நேர்மாறான நேரத்துல போட்டேன், மேல இருட்டும்போது கீழ வெளிச்சம். அது மத்தியானம் தர்ற சூடு கொஞ்சம்தான். காத்தாடி தண்ணி மேல அலை எழுப்பறதும் காத்தைக் கலக்கும். மீனுங்க மூச்சு வாங்கல.

நிஜமான சிக்கல் வேற. ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஆணி புடுங்கி முடிச்சுட்டு கீழ இறங்கினா தொட்டி இருட்டா இருக்கு. நான் எழுந்துக்கறது ஒன்பது மணிக்கு. பல்லு விளக்கிட்டு வந்தா உச்சி முடிய அரை மணி. காசு, நேரம், தூக்கம் எல்லாம் போட்டு நான் கட்டின கடலை நாளைக்கு ரெண்டு மணி நேரம்தான் பாக்கறேன்.

ஆனா அப்பா நாலரைக்கு எழுந்துக்குவாரு. முப்பத்திநாலு வருஷ ஷிப்டு பழக்கம், ரிட்டயர் ஆனா உடம்புக்குத் தெரியுமா? முன்னெல்லாம் எழுந்து என்ன பண்றதுன்னு தெரியாம வாசல்ல உக்காந்திருப்பாரு, பேப்பர் வர்ற வரைக்கும். இப்போ நாற்காலியை தொட்டி முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டு டீயோட உக்காந்துடறாரு. ஒரு நாள் தன் பழைய பாமே மீட்டரைத் தேடி எடுத்து வந்துட்டாரு. தோலைப் பதம் போடறதுக்கு முன்னாடி உப்புத்தண்ணி எவ்வளவு திக்கா இருக்குன்னு அளக்கற கண்ணாடிக் குழாய். என் தண்ணியில முக்கிப் பாத்துட்டு, "மூணரைதான் வருது. நாங்க ஏழு வெப்போம்டா, இது என்ன உப்பு?"ன்னு கேலி. நான் கணக்குப் போட்டுப் பாத்தேன், கடல் தண்ணியோட அடர்த்தி 1.025, அது பாமேயில சரியா 3.5. என் இரண்டாயிரம் ரூபா கருவியும் அதைத்தான் சொல்லுது.

லெதர் பவளம் அப்பப்போ கையெல்லாம் உள்ள இழுத்துக்கிட்டு மூடிக்கும். மேல மெழுகு மாதிரி ஒரு படலம் படியும். சில நாள் கழிச்சு அதை உரிச்சுப் போட்டுட்டு புதுசா விரியும். தோல் உரிக்கிற லெதர். முதல் தடவை அதைப் பாத்தது அப்பாதான். என்னை எழுப்பக்கூட இல்ல, பேப்பர்ல எழுதி வெச்சிருந்தாரு: "5.10 மணி. தோல் கழண்டது."

போன வருஷம் மே மாசம் ஒரு நாள் மத்தியானம் ஒரு மணிக்கு தெரு டிரான்ஸ்பார்மர் வெடிச்சு கரண்ட் போச்சு. இன்வெர்ட்டர் நாலு மணி நேரத்துல கையை விரிச்சுது. கரண்ட் வந்தப்போ மணி ஏழரை. இடைப்பட்ட ரெண்டரை மணி நேரம் தொட்டிக்கு காத்தாடியும் இல்ல, பம்பும் இல்ல. பேட்டரியில ஓடற சின்ன காத்துப் பம்ப் மட்டும். ஹால் 37 டிகிரி. முன்னேற்பாடா பிரிட்ஜ்ல ஒரு லிட்டர் ஐஸ் பாட்டில் நாலு இருந்துச்சு. ஒரு லிட்டர் ஐஸ் உருகி தொட்டி சூட்டுக்கு வந்தா 120 லிட்டரை சுமார் 0.9 டிகிரி இறக்கும். மூடி திறக்காம, ஒண்ணு ஒண்ணா மிதக்க விடணும், ஒரேயடியா போட்டா அதிர்ச்சி. எனக்கோ மாடியில போன் ஹாட்ஸ்பாட்டுல ஒரு மீட்டிங், விட முடியல. நடுவுல இறங்கி வந்து பாத்தா, அப்பா நாற்காலியில உக்காந்து பனை விசிறியால தொட்டிக்கு வீசிக்கிட்டிருக்காரு. சட்டை முழுக்க வேர்வை. "காத்தாடி பண்ற வேலைதானே, நான் பண்றேன். நீ போ."

அன்னிக்கு 29.4-ல நின்னுச்சு. அதுலயும் அந்த நேரம் தொட்டிக்கு ராத்திரியா இருந்ததுதான் காப்பாத்துச்சுன்னு நினைக்கறேன். அந்தச் சூட்டுல மேல 60 வாட் வெளிச்சமும் சேந்திருந்தா கதை வேற. இருந்தாலும் லெதர் மூடிக்கிச்சு. ஒன்பது நாள். மீனைப் பத்தி எனக்குக் கவலை இல்ல, லெதர் பிரவுன்லேருந்து கொஞ்சம் வெளிறின மாதிரி தெரிஞ்சதுதான் வயித்தைக் கலக்குச்சு. வெளிச்சத்தை இன்னும் பாதியாக்கி விட்டேன். வேற ஒண்ணும் செய்யல, செய்யவும் கூடாது. பத்தாவது நாள் விடியக்காலை அஞ்சேகாலுக்கு மாடிக்கதவு தட்டற சத்தம். "டேய், எழுந்து வா. கை நீட்டிடுச்சு."

அப்பா கேட்ட இன்னொரு கேள்வி இன்னும் என்னை விடல. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை 15 லிட்டர் தண்ணி மாத்தணும். முதல் தடவை பக்கெட்டோட கொல்லைப்பக்கம் போனேன். "எங்க ஊத்தப் போற?"ன்னாரு. பதினஞ்சு லிட்டர்ல அரைக் கிலோவுக்கு மேல உப்பு. எந்த ஊரா இருந்தாலும் அது ஒரு விஷயமே இல்ல. பாலாத்துக் கரையில அது விஷயம். பச்சைத் தோலைக் கெடாம வைக்கப் போடற உப்புதான் இந்தப் பக்கத்துக் கிணறு எத்தனையோ கெட்டதுக்கு முக்கியமான காரணம். 1996-ல உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் கழிவு வழக்குல, கெடுத்தவனே செலவு பண்ணி சரி பண்ணணும்னு தீர்ப்பு சொன்னது சட்டப் புத்தகத்துல எல்லாம் இருக்கு. அப்பாவுக்கு சோறு போட்டதும் அந்தத் தொழில்தான், எங்க தாத்தா கிணத்தை உப்பாக்கினதும் அதுதான். அவர் ரெண்டையும் தெரிஞ்சவரு. "நீ ஊத்தறது கொஞ்சம்தான். எல்லாரும் கொஞ்சம்தான்னுதான் ஊத்துனாங்கோ"ன்னாரு. மொட்டை மாடியில கருப்பு பிளாஸ்டிக் விரிச்சு, நாலு பக்கமும் செங்கல் வெச்சு, தோல் ஷாப்புல இருக்கற மாதிரி ஒரு குட்டி ஆவியாக்கும் பாத்தி அவரே கட்டிக் குடுத்தாரு. கோடையில மூணு நாள்ல தண்ணி போயிடும், உப்பு மிஞ்சும். எனக்குப் பகையான வெயில் அங்க ஓசியில வேலை பாக்குது. சுரண்டி எடுத்த உப்பு மூட்டையா மாடி ரூம்ல கிடக்கு. அதை என்ன பண்றதுன்னு தெரியல. பெரிய ஷாப்புங்களுக்கும் அதே தலைவலிதான்.

மூணு வருஷத்துல நான் கத்துக்கிட்டது இதுதான். சூட்டை யாரும் அழிக்கறதில்ல, இடம் மாத்தறோம். சில்லர் தொட்டியிலேருந்து எடுத்து ஹாலுக்குத் தரும். காத்தாடி தண்ணியிலேருந்து எடுத்து காத்துக்குத் தரும். உப்பும் அப்படித்தான். யாரோ ஒருத்தர் அதை வாங்கிக்கறாங்க. அது யாருங்கறதை மட்டும்தான் நாம முடிவு பண்ண முடியும்.

இதைப் பெருசாக்கிப் பாத்தா தூக்கம் வராது. உலகம் பூரா நாம சேத்து வெச்ச கூடுதல் சூட்டுல 90 சதவீதத்துக்கு மேல வாங்கிக்கிட்டது கடல். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல மன்னார் வளைகுடாவுல 21 தீவு, சுத்தி பவளத்திட்டு. 1986-ல தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க. 2010-ல வெளுத்துச்சு. 2016-ல திரும்ப வெளுத்துச்சு. தூத்துக்குடியில இருக்கற சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க முங்கி எண்ணிப் பாத்ததுல, உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 சதவீதத்துலேருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியிருந்துச்சு. ஒரே கோடையில. 2024 ஏப்ரல்ல உலக அளவுல நாலாவது வெளுப்புன்னு அறிவிச்சாங்க. ஆஸ்திரேலியாவுல 2020-லேருந்து ஒரு சோதனை நடத்தறாங்க. கடல் தண்ணியை நுண் துளியா மேல பீச்சி, மேகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கி, பவளத்துக்கு மேல வெயிலைக் குறைக்க முடியுமான்னு. படிச்சதும் எனக்கு என் டைமர்தான் ஞாபகம் வந்துச்சு. அவங்களும் அதையேதான் தேடறாங்க, சூடு இறங்கற வரைக்கும் வெளிச்சத்தைக் கொஞ்சம் தணிக்க ஒரு வழி.

என் லெதருக்கு சூரியனை மூணரைக்கு உதிக்க வைக்க நான் இருக்கேன், விசிறி வீச அப்பா இருக்காரு. மன்னார் பவளத்துக்கு சூரியன் ஆறு மணிக்குத்தான் வருது, மத்தியானம் உச்சிக்குத்தான் போகுது. அதோட காத்தாடியும் சில்லரும் நாம எல்லாரும் மூட்டற அடுப்பைக் குறைக்கறதுதான், வேற கிடையாது.

சரி, ரெண்டு மணி ஆகப்போகுது, ஆணி காத்திருக்கு. வர்ட்டா?

டிஸ்கி 1: இந்த நேரக்கணக்கு வறண்ட சூடு உள்ள ஊருக்கு. கடலோரத்து ஆளுங்க அப்படியே காப்பி அடிக்காதீங்க, முதல்ல ஈரத்துணி தெர்மாமீட்டர்ல ஒரு வாரம் அளந்து பாருங்க.

டிஸ்கி 2: கடற்கரையில கிடைச்சதுன்னு பவளத்துண்டு எடுத்துட்டு வந்து யாரும் தொட்டியில போடாதீங்க. செத்ததா இருந்தாலும் சட்டப்படி தப்பு. வெட்டின லெதர் துண்டு வேணும்னா சொல்லுங்க, நம்மளது இப்போ நல்லா வளர்ந்திருக்கு. அப்பாகிட்ட பர்மிஷன் வாங்கணும், அவ்வளவுதான் :-)